மொசைக் மேலே, மண் குழாய் கீழே

கக்கூஸ் கட்டுகிறவனை யாரும் முன்வாசல் வழியாகக் கூப்பிடுவதில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் வீடு வீடாகப் பீங்கான் கோப்பை பதிக்கிற வேலை எனக்கு. அதற்கு முன்னால் அடிபம்பு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரை மேலே கொண்டுவருகிற தொழிலிலிருந்து கீழே அனுப்புகிற தொழிலுக்கு வந்தவன். வீட்டில் பேசுவது உருது, வேலையில் பேசுவது தமிழ், திட்டுவது இரண்டிலும். ஊருக்கு நான் வெறும் 'பாய்'.

ஊற்றிய தண்ணீர் கீழே போகாமல் மெல்ல மேலே ஏறி வருகிற கோப்பையின் முன்னால், காலி வாளியோடு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்கிறதா? இல்லையென்றால் கொடுத்துவைத்தவர். இருந்தால் நீங்கள் என் கட்சி, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது ஒரே ஒரு சந்தின் கதை. பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு தெருவின் பின் சந்து அது. அந்தத் தெரு வீடுகளின் கக்கூஸ் எல்லாம் கொல்லைக் கோடியில், சந்தை ஒட்டி இருக்கும். உயரமான மேடை, அதில் கால் வைக்க இரண்டு கல், நடுவில் ஓட்டை. மேடைக்கு அடியில் ஒரு பொந்து. கால் கழுவுகிற தண்ணீர் போக ஒரு பழைய மண் குழாய். பொந்துக்குச் சந்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு. காலையில் ஒரு பெண் வந்து அந்தக் கதவைத் திறந்து, உள்ளே இருப்பதை வாரி வாளியில் போட்டுக்கொண்டு போவாள். வீட்டில் இருப்பவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவே தேவையிருக்காது. அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

மேலே மட்டும் புதுசு

சந்தில் முதலில் என்னைக் கூப்பிட்டது ஜவுளிக்கடைக்காரர் வீடு. மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் பெங்களூர்க்காரர்கள், அவர்கள் வருவதற்குள் கோப்பை வைத்தாக வேண்டும். நான் போனபோது கக்கூஸ் தரை மின்னிக்கொண்டிருந்தது. பச்சையும் வெள்ளையுமாக மொசைக். பழைய தரையின் மேலேயே கலவையைக் கொட்டிக் கல்லைப் பதித்து மெருகும் போட்டாகிவிட்டது. கோப்பைக்கென்று நடுவில் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள்.

கோப்பையை இறக்கிப் பார்த்தேன். அதன் கால் கீழே இருந்த பழைய குழாயின் வாய்க்கு எட்டவில்லை. நடுவே நாலு விரல் இடைவெளி. தரையை உயர்த்தினால் கோப்பையும் உயரும், மண்ணுக்குள் இருக்கிற குழாய் உயராது. இந்தச் சின்ன விஷயம் ஏனோ ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை. அப்படியே பதித்துவிட்டால் மேலே ஊற்றுவதில் பாதி குழாய்க்குள்ளும் பாதி மொசைக்குக்கு அடியிலும் போகும். பிறகு வீடு நாறும், எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது.

ஓட்டையைச் சுற்றி நாலு கல்லைப் பெயர்த்து, கீழே ஒரு துண்டுக் குழாய் சேர்த்து, வாயை மேலே கொண்டுவர வேண்டும் என்றேன். வீட்டுக்கார அம்மா வந்தார். ஓட்டையைப் பார்த்தார், மொசைக்கைப் பார்த்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். "மொசைக்க ஒடைக்கறதெல்லாம் வேணாம் பாய். நீங்க ஒல்லியாத்தான இருக்கீங்க, அந்த ஓட்டை வழியா உள்ள போயி வேலைய முடிச்சுட்டு வந்துருங்க."

சந்தில் நின்றவள்

ஒருவழியாக அந்த அம்மாவைச் சமாதானம் செய்து கல்லைப் பெயர்த்தோம். கொல்லையில் செப்டிக் டேங்க் தோண்டி, பழைய குழாயை அதோடு சேர்த்தாயிற்று. கடைசியாக, மேடைக்கு அடியில் இருந்த பொந்தை இடிசலால் நிரப்பி, சந்துக் கதவைப் பிடுங்கிவிட்டுச் செங்கல் வைத்து அடைக்க வேண்டும். அந்த வேலைக்கு என்னோடு வந்தவர் கொத்தனார் மாதையன். கை சுத்தம், வாய் நீளம். நாங்கள் சந்தில் இறங்கிக் கதவைப் பிடுங்கும்போது, வாளியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் அந்தக் கதவைத் திறப்பவள். சந்துக்காரர்கள் அவளை வேலையின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். பெயர் என்ன என்று நான் கேட்டபோது, எதற்குக் கேட்கிறான் என்பதுபோல் முதலில் யோசித்தாள். பிறகு சொன்னாள், ஓபுலம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்.

"நெசமாலுமே அடச்சுருவீங்களா?" என்று கேட்டாள். ஆமாம், இனி இந்த வீட்டில் உனக்கு வேலை இல்லை என்றேன். வேலை போகிறதே என்று வருத்தப்படுவாள் என நினைத்தேன். அவள் சிரித்தாள். முனிசிபாலிட்டி மேஸ்திரி அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம், சந்தில் எல்லா வீடும் கோப்பைக்கு மாறிவிட்டால் அவளை ரோடு கூட்டுகிற வேலைக்கு மாற்றிவிடுவதாக. எல்லா வீடும் மாறினால்தான்.

பாதி வீடு மாறினால் பாதி பாரம் குறையுமே, அதுவும் நல்லதுதானே என்றேன். எனக்கு அப்போது அவ்வளவுதான் தெரியும். அவள் என்னைக் கோபிக்கவில்லை, பரிதாபமாகப் பார்த்தாள். "ஒரு வூடு மிச்சம் இருந்தாலும் வாளி வாளிதாங்க பாய்."

இரண்டு மதமும் ஒத்துப்போன இடம்

அடுத்தது இரும்புக்கடை சாயபு வீடு. எங்கள் ஆட்கள். எங்களுக்குத் தொழுகிற திசையான கிப்லா மேற்கே, அந்தப் பக்கம் முகத்தையோ முதுகையோ காட்டிக் கக்கூஸில் உட்காரக் கூடாது. தெருவில் மற்றவர்களுக்குச் சூரியன் கிழக்கே, அந்தப் பக்கம் பார்த்து உட்காரக் கூடாது. ஆகமொத்தம் தெற்கு வடக்குதான். இந்த ஒரு விஷயத்தில் தெருவே ஒற்றுமை. ஆனால் பழைய குழாயைப் போட்டவன் இதையெல்லாம் கேட்காமல், சந்து மேற்கே இருக்கிறது என்று நேராக மேற்கே விட்டிருந்தான். குழாய் போகிற போக்கில் கோப்பையை வைத்தால் உட்காருகிறவர் கிப்லாவைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய மேடையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று சாயபுவைக் கேட்டேன். கால்கற்கள் மேற்கே பார்த்தபடிதான் இருந்தனவாம், எல்லாரும் உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்காருவார்களாம், பழகிவிட்டதாம். குழாயில் ஒரு வளைவு கொடுத்துக் கோப்பையைத் திருப்பிவிடலாம், ஆனால் நேற்றுப் பதித்த வெள்ளை ஓடுகளில் ஒரு வரிசை போய்விடும் என்றேன். சாயபு தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னால் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ஓடு போனா போவட்டும் பாய். இத்தன வருசம் கோணலா ஒக்காந்து ஒக்காந்து இடுப்பே போச்சு, இனிமேலாச்சும் நேரா ஒக்காருறோம்."

ஈசானியம்

இண்டூரில் நிலம் நீச்சு உள்ள கவுண்டர் ஒருவர், பிள்ளைகள் படிப்புக்காகத் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தார். எதையும் முறைப்படி செய்கிறவர். கக்கூஸ் தரைக்கு மொசைக் போடும்போது மாதையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார், தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் ஓட வேண்டும் என்று. மாதையனும் ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, வடகிழக்கு மூலைக்கு அழகாக வாட்டம் கொடுத்துவிட்டார்.

பழைய குழாயின் வாயோ தென்மேற்கில். நான் போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். அது கோப்பையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வடகிழக்கே ஓடி, மூலையில் குளமாக நின்றது. கவுண்டர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாதையனைப் பார்த்தார். சந்துப் பக்கம் சுவருக்கு அந்தாண்டை ஓபுலம்மா வாளியை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. இந்தத் தகராறு தீராவிட்டால் அவளுக்கு இந்த வீடும் பாக்கி.

கடைசியில், கோப்பைக்குள் போகிற தண்ணீர் வேறு, தரை கழுவுகிற தண்ணீர் வேறு என்று நானே ஒரு சாஸ்திரம் சொன்னேன். தரைத் தண்ணீர் ஈசானியத்துக்கே போகட்டும், மூலையில் ஒரு துளை போட்டு வெளியே வாழை மரத்துக்கு விட்டுவிடலாம், கோப்பைத் தண்ணீர் மட்டும் பழைய குழாய்க்குப் போகட்டும். கவுண்டருக்குப் பரம திருப்தி. ஆனால் அதற்கு முன்னால் அவர் மாதையனிடம், என்னய்யா இப்படிச் செய்துவிட்டாய் என்று ஒரு சத்தம் போட்டார். மாதையன் கொஞ்சமும் அசரவில்லை. "தண்ணி சாஸ்திரப்படிதானுங்க போவுது. ஓட்டைதான் எடம் மாறி இருக்குது."

எதுக்கும் இருக்கட்டும்

இப்படி ஒவ்வொரு வீடாகச் சந்துக் கதவுகள் செங்கல்லுக்குள் போயின. கடைசியில் கடலை மண்டிக்காரர் வீடு ஒன்றுதான் பாக்கி. நல்ல மனிதர், தர்மம் செய்கிறவர், ஆனால் புதிதாக எது வந்தாலும் அது ஒரு நாள் கெட்டுப்போகும் என்று உறுதியாக நம்புகிறவர். வீட்டில் மின்விளக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியும், ஒவ்வொரு அறையிலும் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு திரி போட்டுத் தயாராக இருக்கும்.

அவரும் மொசைக் போட்டார், கோப்பையும் வாங்கினார். ஆனால் மேடைக்கு அடியில் உள்ள பொந்தை நிரப்பக் கூடாது, சந்துக் கதவையும் எடுக்கக் கூடாது என்றார். ஏன் என்றேன். "எதுக்கும் இருக்கட்டும் பாய்" என்றார். கோப்பை அடைத்துக்கொண்டால் பழையபடி ஓபுலம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். கதவு இருக்கிறவரைக்கும் முனிசிபாலிட்டி மேஸ்திரியின் கணக்கில் அது ஆள் வந்து வாருகிற எடுப்பு வீடுதான், அவளை மாற்ற மாட்டார். அதையும் சொல்லிப் பார்த்தேன். அவர் அதைத் தன்னோடு சம்பந்தப்பட்ட விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கோப்பையைப் பதித்து, மண்டிக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு முதல் வாளியை ஊற்றினேன். தண்ணீர் சுழன்றது, தயங்கியது, மெல்ல ஏறியது. விளிம்பைத் தாண்டிப் புது மொசைக்கில் வழிந்து அவர் காலை நனைத்தது. சந்தில் ஓபுலம்மா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அன்றுதான் கடைசி என்று காத்துக்கொண்டிருந்தாள். மண்டிக்காரர் கொல்லைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, கோபமே இல்லாமல், தன் கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தோடு சொன்னார். "ஓபுலு, நாளைக்கும் வந்துரு."

பொந்துக்குள்

அடைப்பு என்ன என்று எனக்கு அப்போதே சந்தேகம். மொசைக் போடுகிற ஆட்கள் சாயங்காலம் கலவைச் சட்டியைக் கழுவி, அந்தச் சிமெண்டுத் தண்ணீரைக் கண்ணில் படுகிற ஓட்டையில் ஊற்றிவிட்டுப் போவார்கள். அது குழாய் வளைவில் போய் உட்கார்ந்து, விடிவதற்குள் கல்லாகிவிடும். மாதையனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். மேலே இருந்து எடுக்க வேண்டுமானால் மொசைக்கை உடைக்க வேண்டும், மண்டிக்காரர் ஒரு கல்லைக்கூடத் தொடவிட மாட்டேன் என்றார். மிச்சம் இருந்த வழி சந்துக் கதவுதான். அதன் வழியாகப் பொந்துக்குள் போனால் குழாய் கைக்கு எட்டும்.

மாதையன் கையெடுத்துக் கும்பிட்டு, அதற்குள் மட்டும் போகமாட்டேன் என்றுவிட்டார். நான் சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு உளியும் சுத்தியலுமாகக் குப்புறப் படுத்தேன். முதல் நாளே ஓபுலம்மா உள்ளே வழித்துக் கழுவிச் சுண்ணாம்பு தூவியிருந்தாள். அப்படியும் அந்த நாற்றத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை, இருந்தாலும் எழுத மாட்டேன். இத்தனை வருடமாக இந்தத் தொழிலில் நான் எல்லாக் கக்கூஸையும் மேலே இருந்துதான் பார்த்திருக்கிறேன். கீழே இருந்து பார்த்தது அன்றுதான். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே இருந்து ஓபுலம்மா எனக்கு வழி சொன்னாள். இடது கையை முதலில் விடச் சொன்னாள், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு பள்ளம் இருக்கும் என்றாள். இருந்தது. அவள் கை தேய்த்துத் தேய்த்து உண்டான பள்ளம் அது.

கல்லான வளைவை உடைத்தெடுத்துப் புதுத் துண்டு சேர்த்து, சணலும் சிமெண்டும் வைத்து இறுக்கினேன். மறுநாள் மேலே ஊற்றிய தண்ணீர் சத்தமில்லாமல் போனது. ஆனால் அந்தப் பொந்தில் எனக்கு மறக்காமல் நிற்பது குழாய் இல்லை. நான் தலையைத் தூக்கப் போகும்போது வெளியே இருந்து அவசரமாக வந்த குரல்தான். "தலைய எடது பக்கமா சாச்சுக்கங்க பாய், மேல ஒரு கம்பி நீட்டிட்டு இருக்குது, எனக்குத் தெனமும் இடிக்கும்."

கதவை என்ன செய்வது

கோப்பை வேலை செய்ததும் மண்டிக்காரர் பாதி இறங்கி வந்தார். மேஸ்திரிக்கு எடுப்பு வீடு இல்லை என்று சொல்லிவிடுகிறேன், ஆனால் கதவு மட்டும் இருக்கட்டும், பூட்டுப் போட்டுச் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் தொழிலில் குழாய்க்குக் கை எட்டுகிற வழி ஒன்று இருப்பது பெரிய சௌகரியம். நாளைக்கு அடைப்பு வந்தால் மொசைக்கை உடைக்காமல் சந்து வழியாகவே பார்த்துவிடலாம். "அது எனக்கான வழிம்மா, உனக்கில்ல" என்று ஓபுலம்மாவிடம் சொன்னேன்.

அவள் அதுவரைக்கும் யாரிடமும் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டாள். வாளியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மாதையன் கலவை குழைத்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கதவும் பூட்டும் வேண்டாம், செங்கல் வைத்து அடையுங்கள் என்றாள். மாதையன் என் முகத்தைப் பார்த்தார். மண்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "உங்களுக்குன்னு ஒரு வழி வெச்சீங்கன்னா, அந்த வழியா என்னையத்தான் கூப்புடுவாங்க பாய்."

செங்கல்லுக்குப் பிறகு

மாதையனிடம் பொந்தை நிரப்பிக் கதவை அடைக்கச் சொன்னேன். இல்லையென்றால் கோப்பைக்கு நான் பொறுப்பில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டேன். மொசைக் போட்ட வீட்டில் வேலையைப் பாதியில் விட்டால் அடுத்த ஆள் வந்து முதலில் மொசைக்கைத்தான் உடைப்பான் என்று அவருக்குத் தெரியும். பொருமிக்கொண்டே சம்மதித்தார். ஒற்றைக்கல் சுவர் போதும், மாதையன் இரட்டைக்கல் வைத்துக் கட்டினார்.

மேஸ்திரி வாக்குத் தவறவில்லை. கொஞ்ச நாள் கழித்து பாலக்கோடு பஸ்ஸுக்காக நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தபோது, ஓபுலம்மா நீளமான துடைப்பத்தோடு ரோட்டோரம் கூட்டிக்கொண்டு வந்தாள். வெயில், தூசி, மாட்டுவண்டிக்காரர்களின் அதட்டல். ரோடு கூட்டுவது ஒன்றும் சொர்க்கமில்லை. அதே முனிசிபாலிட்டி, அதே மேஸ்திரி, டீக்கடையில் அவளுக்கு அதே தனிக் கிளாஸ். அது எனக்குக் கண்ணில் பட்டது. எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். அவள் துடைப்பத்தை ஊன்றி நின்று, யோசித்து, வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். "இப்பத்தாங்க பாய், சோத்துல சோத்து வாசம் வருது."

மண்டிக்காரரின் மொசைக்

நீங்கள் நினைப்பது சரி. அடுத்த மழைக்காலத்தில் மண்டிக்காரர் வீட்டுக் கோப்பை அடைத்துக்கொண்டது. யாரோ பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரை உள்ளே விட்டிருந்தார்கள். சந்துப் பக்கம் வழி இல்லை, மாதையனின் இரட்டைக்கல் சுவர்தான் இருந்தது. மொசைக்கை உடைத்தே ஆக வேண்டும். அவர் பார்த்துப் பார்த்துப் போட்ட மஞ்சளும் கறுப்புமான மொசைக். ஒவ்வொரு கல்லும் பெயரும்போது அவர் தன் பல்லைப் பிடுங்குவதுபோல முகத்தைச் சுளித்தார். நான் அவசரப்படாமல், ரசித்து ரசித்து உடைத்தேன். அவருக்கு வலிக்கட்டும் என்று இல்லை. இந்தச் சந்தில் அடைப்பு வந்தால் இனிமேல் உடைகிறது இதுதான், வேறு எதுவும் இல்லை என்று நினைக்க நிம்மதியாக இருந்தது.

நாரை வெளியே எடுத்து, குழாயைச் சேர்த்து, புதுக் கல் பதித்து முடித்தேன். நிறம் சரியாகச் சேரவில்லை, நடுவில் ஒரு தேமல் மாதிரி தெரிந்தது. மண்டிக்காரர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் எதையோ யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன், கோபமாகப் பேசவில்லை. "அந்தக் கதவு இருந்திருந்தா இது தப்பிச்சிருக்கும், இல்லீங்களா பாய்?"

இத்தனை கோப்பை பதித்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எதையாவது உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மொசைக்கை உடைப்பதே நல்லது, ஏனென்றால் அது ஒன்றுதான் மறுபடியும் கடையில் கிடைக்கும்.